மருந்துக் கட்சியும் என் தொண்டையும்

காலை ஏழு மணிக்குப் புது தில்லி நிலையத்தில் நான் இறங்கினேன்; என் குரல் இறங்கவில்லை. சென்னையிலிருந்து இரண்டு இரவுப் பயணம். இரண்டாவது இரவின் குளிர் தொண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்று மாலை நான்கு மணிக்கு மந்திர் மார்க் பக்கம் பொங்கல் பட்டிமன்றம்: நிம்மதியாக வாழத் தேவை கைமருந்தா, சிரிப்பா? நான் சிரிப்புக் கட்சி. விருதுநகரில் பள்ளி ஆண்டு விழாக்களிலேயே பேசிக் காலம் தள்ளியவளுக்கு ஊர் தாண்டி வந்த முதல் அழைப்பு. விட மனசில்லை.

நான் தங்கவேண்டிய கோல் மார்க்கெட்டுக்கு மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். விரலாலேயே பேரம் பேசி நூற்றிருபதுக்கு இறக்கினேன். இறங்கும்போது, "மாதாஜி, முலேத்தி" என்று ஒரு குச்சியை நீட்டினார். பார்த்தால் நம் அதிமதுரம்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் தென்காசிக்காரரான கோமதி அக்கா. அரசுக் குடியிருப்பில் முப்பது வருடமாக இருக்கிறார். பேச்சு மட்டும் குற்றாலத்தை விட்டு நகரவில்லை. சுக்கும் மிளகும் தட்டிக் கருப்பட்டி போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள், எதிர்வீட்டுத் தஞ்சாவூர் லலிதா மாமி பாலில் மஞ்சள் கலந்து கொண்டுவந்துவிட்டார். தில்லித் தமிழர்களுக்கு அவரவர் மாவட்டத்துக் கஷாயம்தான் கஷாயம். மற்றதெல்லாம் வெந்நீர்.

"சளி கட்டுன தொண்டைல பாலையா ஊத்துவாக?" என்றார் அக்கா.

"நீங்க காரத்தை ஊத்தி இருக்கற தொண்டையையும் பொசுக்கிட்டேளே," என்றார் மாமி.

யார் மனதையும் நோகடிக்காமல் இரண்டையும் குடித்தேன். சண்டை முற்றி இந்திக்குத் தாவியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்ததில் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வெளியே வந்தது.

மதியம் விழா அமைப்பாளர் வந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுருங்கினார். நொய்டாவில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண் எனக்குப் பதிலாகப் பேசத் தயாராக இருக்கிறாராம். நான் முன்வரிசையில் உட்கார்ந்தால் போதுமாம், பொன்னாடை உண்டாம். சுள்ளென்று கோபம் வந்தது. பொன்னாடை போர்த்திக்கொள்ளவா இவ்வளவு தூரம் வந்தேன்? பேசியே தீருவேன் என்று கரகரத்தேன்.

மாலை மேடை ஏறி ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிக்கொண்டேன்.

"இந்தத் தொண்டைக்குள்ள இப்ப தென்காசிக் கஷாயமும் தஞ்சாவூர் மஞ்சப்பாலும் மல்லுக்கட்டுது. யார் ஜெயிச்சாலும் தோக்கப்போறது என் வயிறுதான்."

அரங்கம் சிரித்தது. தில்லியிலேயே பிறந்த பிள்ளைகள் அம்மாக்களிடம் இந்தியில் விளக்கம் கேட்டுக்கொண்டு தாமதமாகச் சிரித்தார்கள். ஒரே பேச்சுக்கு இரண்டு சிரிப்பு எனக்கு லாபம்.

மருந்துக் கட்சிக்காரர் விடவில்லை. இந்த அம்மா நாலு வார்த்தை பேசியதே கஷாயத்தின் புண்ணியம் என்று முடித்தார். நடுவர் தலையாட்டி, மருந்துக்கே தீர்ப்பு என்றார். தீர்ப்புக்குப் பிறகு யாரும் பேசக்கூடாது என்பது பட்டிமன்ற மரபு. நான் எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"கஷாயத்தால தொண்டை தொறக்கல, நடுவரே. அதக் குடுத்தவங்க போட்ட சண்டையப் பாத்துச் சிரிச்சேன், தொறந்துச்சு. தீர்ப்ப மாத்த வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. லலிதா மாமியும் கோமதி அக்காவும் சேர்ந்தே தட்டினார்கள்.

திரும்பும் ரயிலில் வீட்டுக்காரர் தொலைபேசியில் வந்தார். தொண்டை கட்டினால் பேசாமல் இருந்திருக்கலாமே என்றார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் கொடுக்கிற கைமருந்து அதுதான். தில்லியில் எதையெதையோ குடித்துவிட்டேன். அதை மட்டும் இனி விழுங்குவதாக இல்லை.