நூல் வாயில் இருக்கும்போது கேட்டவை

புருவம் எடுக்கிறவளுக்கு நூலின் ஒரு முனை பல்லில்தான் இருக்கும். அதனால் நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்ல முடியாது. இந்த வேலையைக் கண்டுபிடித்தவர் விவரமான ஆள். நான் போர்ட் பிளேரில், ஷாதிபூரில், வீட்டு முன்னறையில் பல வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். ஜவுளிக்கடை, பல் ஆஸ்பத்திரி, ரிசப்ஷன் மேஜை என்று எங்கே நின்று பிழைக்கிறவராக இருந்தாலும், நீங்களும் வந்தவர் பேச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர்தான். அந்தத் தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

அலர்ஜி

லம்பா லைன் பக்கம் குவார்ட்டர்ஸில் ஓர் அதிகாரியின் மனைவி இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். தமிழ் பேசுகிற பார்லர் கிடைத்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். ஒரு புருவம் முடிவதற்குள், "ராணி, உனக்கு எந்த ஊரும்மா?" என்றார். நூலை எடுத்துவிட்டு, "இதே ஊர்தான் மேடம்" என்றேன்.

"அது சரி, அப்பாவுக்கு?"

"சின்ன வயசுல சிலோன் எஸ்டேட்லேர்ந்து கச்சால் தீவுக்கு, ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவங்க."

"சிலோனுக்கு முன்னாடி?"

முன்னாடி எங்கள் ஆட்கள் எந்த ஊரில், அந்த ஊரின் எந்தப் பக்கத்தில் குடியிருந்தார்கள் என்று தெரியும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நான் தெரியாது என்றதிலேயே அவருக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது கையோடு ஒரு டவல் கொண்டுவந்தார்.

"எனக்கு ஸ்கின் அலர்ஜி. வேற ஒண்ணும் நினைச்சுக்காதே."

ஏத்திப் போடு

மாப்பிள்ளை வீடு மதுரைப் பக்கம். பெண் பார்ப்பது முதலில் வீடியோ காலில். அம்மாக்காரி பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "அந்தமான் பொண்ணுன்னா காட்டுக்குள்ள இருந்து வருதுன்னு நினைச்சிட்டு இருக்காங்க. கொஞ்சம் கலரை ஏத்திப் போடு" என்றாள். போட்டேன். போதாது என்றாள். கழுத்து, காது, போனில் தெரியாத கை வரைக்கும் ஏத்தச் சொன்னாள். அழகான கறுப்பு அந்தப் பெண். அதை நான் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மூடிக்கொண்டிருந்தேன். பெண் கண்ணாடியில் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"அக்கா, கல்யாணம் ஆனப்புறம் தினமும் காலைல மதுரைக்கு வந்துடுவீங்கல்ல?"

பழகின கை

இனி சுஷ்மாவைச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்தவள், வயது முப்பது. காடு வெட்டுவதற்காக ராஞ்சிப் பக்கமிருந்து கூட்டிவரப்பட்ட ஆதிவாசி ஒருவரின் கொள்ளுப்பேத்தி. இங்கே பிறந்து வளர்ந்த நாலாவது தலைமுறைக்கும் 'ராஞ்சி' என்றுதான் பெயர். எங்கள் ஊரில் அது ஊர்ப்பெயர் இல்லை, வசவு. அவள் கை என் கையைவிட நல்ல கை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, தானே தனியாக மணப்பெண் அலங்காரம் செய்ய வேண்டும் என்பது. இந்தத் தொழிலில் பேரும் பிழைப்பும் கல்யாணத்தில்தான். புருவத்தில் பஸ் செலவு மட்டும்தான் மிஞ்சும். அப்படி ஒரு கல்யாணம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அதற்கு முதலில் யாராவது அவள் நாற்காலியில் உட்கார வேண்டுமே. சனிக்கிழமைகளில் எனக்காக நாலு பேர் காத்திருப்பார்கள். அவள் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருப்பாள். "அங்க உக்காருங்க, என்னைவிட நல்லா செய்வா" என்பேன். ஒருவரும் அசைய மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை, அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கடைக்குள் கால் வைத்த ஒரு பெண்மணி, சுஷ்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பரவாயில்ல, நான் வெயிட் பண்றேன். எனக்கு உங்க கைதான் பழக்கம்."

கண்ணை மூடியிருந்தபோது

டவல்காரம்மா ஃபேஷியலுக்கு வந்திருந்தார். கண்மேல் பஞ்சு வைத்திருந்தேன். பின்பக்கக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர். பிடிக்காவிட்டால் கடையும் இல்லை, சமையலும் இல்லை. சுஷ்மாவுக்குச் சைகை காட்டிவிட்டு ஓடினேன். குடம் வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவின் குரல் காதில் விழுந்தது. "ராணி, இன்னிக்குத்தான் உன் கை கை மாதிரி இருக்கு. தலைவலியே போயிடுச்சு."

நான் உள்ளே வந்தபோது பஞ்சை எடுத்தாகிவிட்டது. கண்ணைத் திறந்தவர் சுஷ்மாவைப் பார்த்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவி, தன் டவலால் கன்னம் சிவக்கிற அளவுக்குத் துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அலர்ஜி ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்டே விட்டேன்.

"நல்லா இருந்துச்சுன்னுதானே சொன்னேன். யாருன்னு முதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா?"

அது வேற

பக்கத்துத் தையல் கடைக்காரி என் மாதிரியே கச்சால் தோட்டக் குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் எங்களை 'ரிஃப்யூஜி' என்று கூப்பிட்டதைச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்குக் கண் கலங்கும். டவல் கதையைக் கேட்டு எனக்காகக் கொதித்தாள். அந்த நம்பிக்கையில் சுஷ்மா கதையையும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "அது வேற, இது வேற. ராஞ்சிக்காரியும் நாமும் ஒண்ணா?" என்றாள்.

இதைச் சுஷ்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று சாயங்காலம் ஒரு பெங்காலிப் பெண் வந்து புருவம் எடுத்துக்கொண்டு போனாள். படி இறங்கிய பிறகு சுஷ்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த பெங்காலி ஆளுங்களை மட்டும் நம்பாதீங்க தீதி."

பந்தி

கடைசியில் ஒரு கல்யாணம் வந்தது. ஊருக்கு வெளியே சிப்பிகாட் பக்கம் ஒரு தமிழ் கான்ட்ராக்டரின் மூத்த பெண். என் அண்ணன் மகளுக்குச் சுஷ்மா செய்த அலங்காரத்தைப் போனில் பார்த்துவிட்டு, இவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் துணைக்குப் போனேன், அவ்வளவுதான். மணப்பெண் மேடை ஏறியதும் சபையே திரும்பிப் பார்த்தது. சுஷ்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பந்தியில் இலை போட்டார்கள். சுஷ்மாவுக்குப் பார்சல் கட்டியிருந்தார்கள். இலையை விட்டு எழுந்தேன். பெண்ணின் அம்மா ஓடிவந்தார். கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. "கோவிச்சுக்காதே ராணி. எங்க சின்னவளுக்கும் இவளே வரட்டும். சொந்தக்காரங்கதான் யாரு யாருன்னு கேக்கறாங்க. அடுத்த தடவை பேரை மாத்தி, கேரளாக்காரின்னு சொல்லிடலாம். அப்ப பந்தியிலயே உக்கார வச்சுடலாம்" என்றார். பிரஷ்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த சுஷ்மா தலை நிமிர்ந்தாள். அவளுக்கு இவ்வளவு தமிழ் நன்றாகவே புரியும்.

"நஹி ஆன்ட்டி. மேக்கப் நான் பொண்ணுக்குத்தான் போடுவேன், எனக்குப் போட்டுக்க மாட்டேன்."

சின்னவள் கல்யாணம் வேறு பார்லருக்குப் போயிற்று. சுஷ்மா ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் சேர்ந்துவிட்டாள். அங்கே வருகிற மெயின்லேண்ட்காரர்களுக்கு ராஞ்சி என்றால் கிரிக்கெட்தான் தெரியுமாம், கடற்கரைக் கல்யாணங்களுக்கு அவளையே கேட்கிறார்களாம். அவளுக்காகச் சந்தோஷப்படுகிறேன், இந்த ஊரை நினைத்து வயிறு எரிகிறது.

அவள் இடத்துக்கு ஒரு பெண்ணை என்ன ஆள், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறேன். வந்த முதல் வாடிக்கையாளரே எனக்காக அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துவிட்டார்.