நைனா வேடிக்கை பேசவில்லை

என் நைனா கன்னியப்பன் செஞ்சியிலிருந்து ஓடும் அரசுப் பேருந்துகளில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டால் அவரைத்தான் போடுவார்கள். நிற்க இடமில்லாத வண்டியில் சண்டை வராமல் கூட்டத்தை நகர்த்த அவருக்குத் தெரியும். "படியிலயே நிக்கறியே, மாமியா வூடா? உள்ள வா மச்சான்" என்பார். முறைத்தவனும் சிரித்துவிட்டு நகர்வான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் அதே பேச்சுதான்.

அதனால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

போன ஆவணியில் நிமோனியா. வயது அறுபத்தெட்டு. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். முகமூடி வழியாக ஆக்சிஜன். இரண்டாம் நாள் மாலை நானும் அம்மாவும் பார்க்கப் போனபோது, கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே, "உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத" என்றார்.

"இங்கயும் டூட்டி பாக்கறாரு பாரு" என்று அம்மா சிரித்தாள்.

"நைனா, வல்லத்துக்கு ஒரு டிக்கெட் குடு" என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கம்பியை இன்னும் வேகமாகத் தட்டினார்.

அன்றிரவு முகமூடியைப் பிடுங்கியிருக்கிறார். தூக்க ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் அமைதியாகக் கிடந்தார். நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அவர் தலைமாட்டில் இருந்த மாதிரி மானிட்டர்களை நூற்றுக்கணக்கில் சரிசெய்திருக்கிறேன். நாடித்துடிப்பு 88, ஆக்சிஜன் 95. எண்கள் சரியாக இருந்தன. "நல்லா தூங்கறாரும்மா, தூங்கட்டும்" என்று சொன்னது நான்தான்.

ஐந்தாம் நாள் காலை, விடுப்பு முடிந்து பணிக்கு வந்த செவிலியர் ஷோபனா அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"தூங்கலங்க. கண்ண தொறந்துனுதான் இருக்காரு. ஆனா இங்க இல்ல" என்றார். நைனாவின் கையைப் பிடித்தார். "ஐயா, நான் எழுத்தா சொல்லினே வர்றேன். 'அ' வந்தா மட்டும் என் கைய அழுத்துங்க."

பத்து எழுத்தில் நான்கு 'அ'. நைனா ஒருமுறைகூட அழுத்தவில்லை.

"டெலிரியம். மூளை கொழம்பிப் போயிருக்குது" என்றார் ஷோபனா. "கத்தனா எல்லாருக்கும் தெரியும். கம்முனு கெடந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எப்பலர்ந்து மாத்திப் பேசனாரு?"

"ரெண்டாம் நாள்லர்ந்து. தமாசு பண்றாருன்னு நெனச்சோம்."

அவர் மருத்துவரை அழைக்கப் போனார். குழப்பத்தைக் காட்டும் எண் அந்த மானிட்டரில் கிடையாது.

தூக்க ஊசியை நிறுத்தினார்கள். சோடியம் குறைந்திருந்ததைச் சரிசெய்தார்கள். கிருமிக்கான மருந்தை மாற்றினார்கள். அம்மாவின் பையில் பத்திரமாக இருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டோம். கட்டிலை ஜன்னலோரம் தள்ளினார்கள். பகலில் உட்காரவைத்தார்கள், இரவில் விளக்கைக் குறைத்தார்கள். நுரையீரல் தேறுவது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்களை யாரென்று தெரியாமலே போய்விடுவாரோ என்பதுதான் அம்மாவின் பயம்.

"வேடிக்கை காட்டாதீங்க. யாரு, எந்த ஊரு, இன்னா கெழமைன்னு நேரா சொல்லுங்க" என்றார் ஷோபனா.

சொன்னேன். "நைனா, நான் பாரதி. இது விழுப்புரம் ஆஸ்பத்திரி. இன்னிக்கு வியாழக்கெழம." ஒருநாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை கேட்டார்: "நீ எப்பம்மா வந்த?"

"மொத நாளே வந்துட்டேன் நைனா."

"ஆமா. வண்டில இருந்த. பிரேக் புடிக்கல. படியில இருக்கறவன் உழுந்துடப் போறான்னு நான் கத்தறேன். நீயும் உங்கம்மாவும் சிரிக்கறீங்க."

"எங்களுக்குத் தெரியல நைனா."

"நீ டிக்கெட் வேற கேட்ட."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

திங்கள் மதியம் இறக்கும்வரை எங்கள் இருவரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு நாள் போதும் என்கிறாள் அம்மா. எனக்குப் போதவில்லை.