படகு மோட்டாருக்கு மாட்டுச் சந்தையில் விலை

வைகையில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். அந்த ஆற்றங்கரை ஊரில் ஒருவன் படகு மோட்டார் வாங்கி வைத்திருந்தால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் தல்லாகுளத்தில் எங்கள் தெருவும் நினைத்தது. அந்த ஒருவன் நான்.

யுத்த காலம். நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசின் துரைக்கு மாற்றலாகி, பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி போயிற்று, மீன் தூண்டில்கூடப் போயிற்று. தேக்கடி ஏரியில் துரை ஓட்டிய மோட்டார் மட்டும் அரை டின் பெட்ரோலோடு கேட்பாரில்லாமல் நின்றது. பக்கத்தில் இருந்த குமாஸ்தாக்களைச் சிரிக்க வைக்கலாமே என்று, "அறுபது ரூபா! நாளையிலருந்து ஆபீசுக்கு வைகை வழியா வாரேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏலம் கூறியவர் சிரிக்கவில்லை. மூன்று தரம் கூவி முடித்துவிட்டார்.

துரை வீட்டு ஏலத்தில் பின்வாங்க எனக்குத் தைரியம் கிடையாது. என் மனைவியின் இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. தை மாதம் அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. "மொட்டைக் கையோட எங்க அண்ணன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். அதுக்குள்ள இத வித்துருங்க" என்று சொல்லிவிட்டாள்.

விற்பதென்றால் முதலில் ஒரு விலை சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்துப் பதினெட்டு ரூபாய் என்றார். எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா, புதிதாக வாங்கினால் ஐந்நூறு ஆகும், கண்ணை மூடிக்கொண்டு பாதி கேட்கலாம் என்றார். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் கடைக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்து, "பெட்ரோலுக்கே கூப்பன் கேக்குறான். இதுக்கு ஒரு அம்மிக்கல்லு வாங்கியிருக்கலாம்ணே, சட்டினியாவது அரைக்கலாம்" என்றார். ஒவ்வொரு இடத்துக்கும் அதைத் தோளில் சுமந்துபோய்ச் சுமந்துவந்ததில் என் வலது தோள் இடது தோளைவிட ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. அப்புறம் அது ஏறவே இல்லை.

"அறுபதுக்கு வாங்குனீக. ஒரு நாளும் ஓட்டல. அறுபதுக்கே குடுங்க. இதுல என்ன யோசனை வேண்டிக் கெடக்கு?" என்றாள் மனைவி. ஊரெல்லாம் கேட்டதில் நியாயமான விலை அது ஒன்றுதான். ஆனால் அந்த விலைக்கும் ஆள் இல்லை. எங்களுடைய ஒற்றை அறையில், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி அது மூலையில் நின்றது. அதைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடும்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸ் சேவகர், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கூட்டி வந்தார். என் வயதுதான் இருக்கும். வந்தவர் மோட்டாரின் அடியில் இருந்த காத்தாடியை விரலால் சுற்றிப் பார்த்தார்.

"எம்புட்டுத் தண்ணி எறைக்கும் ஐயா?"

படகு மோட்டார் தண்ணீர் இறைக்காது. இதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் சொன்னதோ, "தண்ணிக்குள்ளதான் இதுக்கு வேலை."

"நூத்தம்பது தாரேன். சந்தையன்னைக்குக் கொண்டாந்துருங்க."

என் மனக்கண்ணில் மனைவியின் இரண்டு வளையல் ஐந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டேன். மூடக்கூடாத நேரத்தில் மூடுவதும், திறக்கக்கூடாத நேரத்தில் திறப்பதும் என் வாய்க்கு வழக்கம்.

சந்தையன்று, பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரியை எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில் ஏறினேன். மேடு வந்த இடத்திலெல்லாம் ஆண்களை இறக்கித் தள்ளச் சொன்னார்கள். மோட்டாருக்கும் அரை டிக்கெட் போட்ட கண்டக்டரிடம், "அரை டிக்கெட்டையும் எறங்கித் தள்ளச் சொல்லுங்க" என்றேன். அவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு அந்த பஸ்ஸில் யாருக்கும் இல்லை.

விவசாயி ஏன் என்னைச் சந்தைக்கு வரச் சொன்னார் என்பது போன பிறகுதான் தெரிந்தது. தன் கமலை மாடுகளில் ஒன்றை விற்பதற்காக ஓட்டி வந்திருந்தார். கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இழுக்கிற ஜோடியில் ஒரு மாடு. "மோட்டார் வந்துட்டா கமலை எதுக்குங்க ஐயா?" என்றார் சந்தோஷமாக. அந்த மாடு போனால் கமலை நின்றுவிடும். என் மோட்டார் கிணற்றுக்குள் சும்மா சுற்றும். பயிர் காயும். நான் எந்த ஆபீசில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இவருக்குத் தெரியும். எனக்கு வந்தது இரக்கமா பயமா என்று இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பயம்தான் முந்தி வந்திருக்கும்.

அவருடைய தரகர் மாட்டைப் பார்ப்பதுபோலவே மோட்டாரையும் பார்த்தார். முதுகைத் தட்டினார். சுழி தேடினார். காத்தாடி இதழ்களை எண்ணி, "ரெண்டே பல்லுதான். இளசு" என்றார். பிறகு தோள் துண்டை உதறி என் கைமேல் போட்டார். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. விரலுக்குப் பத்து ரூபாய். என் ஐந்து விரலையும் சேர்த்து மூன்று தடவை அமுக்கினார்.

"இல்லண்ணே, இது வந்து..." என்று கையை உருவினேன்.

"கூடக் கேக்குறாக" என்றார் தரகர் விவசாயியிடம். மறுபடி துண்டு. இன்னொரு விரல். நான் உருவினேன். இன்னொன்று. உண்மையைச் சொல்ல நான் கையை இழுத்த தடவையெல்லாம் பத்துப் பத்தாக ஏறியது. "ஆபீஸ்காரக லேசுப்பட்ட ஆளில்ல மாப்ள" என்று தரகர் அவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. நூற்றெண்பதில் நான் கத்திவிட்டேன்.

"இது தண்ணி எறைக்காதுய்யா! படகத் தள்ளுற மோட்டாரு!"

விவசாயி முகம் வாடிப்போயிற்று. "வேற ஆளு கூடக் கேட்டுட்டானா ஐயா?"

இனிப் பேசிப் பயனில்லை. மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியின் விளிம்பில் ஒரு பலகையைக் கட்டி, மோட்டாரை அதில் திருகிப் பூட்டி, அதோடு வந்த துரையின் பெட்ரோலை ஊற்றி, கயிற்றை இழுத்தேன். எட்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. இறைக்கத்தான் இறைத்தது, எங்கள் எல்லோர் மேலும். தரகரின் தலைப்பாகை நனைந்து அவிழ்ந்தது. தொட்டி பாதி காலி. விற்பதற்கு நின்ற மாடு மிரண்டு, முளையைப் பிடுங்கிக்கொண்டு ஊர்ப் பக்கமாக ஓடியது. விவசாயி அதன் பின்னால் ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பி, "நல்ல வேளை சொன்னீக ஐயா!" என்றார்.

சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். கடற்கரையிலிருந்து சந்தைக்குக் கருவாடு விற்க வந்திருந்த தொண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"படகுல மாட்டுறதுதானண்ணே இது?"

எத்தனை மாதங்களுக்குப் பிறகு அதை அதுவாகப் பார்த்த ஒரு மனிதர்! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அறுபது என்றேன்.

"பெட்ரோல் கெடையாது. சண்டை முடியுற வரைக்கும் சாக்குல சுத்தி வைக்கணும். நாப்பது."

"அறுபது."

"அறுபது குடுக்கிற இன்னொரு ஆளக் காட்டுங்க, நாஞ் சும்மா போயிர்றேன்."

என்னால் காட்ட முடியவில்லை. நாற்பது ரூபாயும் ஒரு கூடைக் கருவாடும் என்று முடிந்தது. தொட்டித் தண்ணீரைப் பாழாக்கியதற்காகத் தரகர் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது கருவாட்டு வாசனைக்குப் பயந்து என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பல மாதங்களில் அன்றுதான் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

அந்தப் பணத்துக்கு ஒரு வளையல்தான் மீண்டது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு?"

கருவாட்டுக் கூடையைக் காட்டினேன்.

"நூத்தம்பதுக்குக் கேட்டான்னு சொன்னீகளே?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்து, வளையலை வலது கையில் ஏற்றிக்கொண்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் நின்று, "அந்த மாடு கெடைச்சிருச்சா?" என்றாள்.

"ஊர்ப் பக்கந்தான் ஓடுச்சு. கெடைச்சிருக்கும்."

காதுகுத்துக்குப் போனோம். இடது கையை முந்தானைக்குள் வைத்தபடியே அவள் வேலை செய்தாள். அங்கே யாரோ கவனித்துக் கேட்டதற்கு, "இவுக ஒரு தமாசு சொன்னாக, அதுல போச்சு" என்றாளாம். பெண்கள் பக்கத்தில் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பந்தியில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று முழுவதும் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தேன்.