நடுவில் வைத்த தட்டுகள்

அந்த ஓட்டலில் சோறே கிடையாது என்று கேள்விப்பட்டபோது எங்களில் யாரும் நம்பவில்லை. திருவள்ளூரில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் புதிதாகத் திறந்திருந்தார்கள். மங்கலான விளக்கு, ஏ.சி., சின்னச் சின்னத் தட்டுகளில் விதவிதமான வறுவல்கள். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிட வேண்டுமாம். காலேஜ் பிள்ளைகள் கூட்டமாகப் போய்வந்தார்கள். எங்கள் கம்பெனி இருக்கிற காக்களூர் தொழிற்பேட்டை ஆட்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் நான் அந்த இடத்தைச் சொன்னேன்.

நாங்கள் மூன்று பெண்கள், கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். ஒருத்தி திருப்பாச்சூர்க்காரி, அவள் குடும்பத்தில் வயல் கூலிக்குப் போகாத முதல் ஆள். இன்னொருத்தி பழவேற்காட்டுக்காரி, அவள் அப்பா திருவள்ளூருக்கு வந்து துணிக்கடை வைத்திருந்தார். கேன்டீனில் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை வைக்காத நாள் கிடையாது. அன்று மாலை, நான் பேசித் தீர்க்கக் கூட்டி வந்த அந்த இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாள் முன்னால் திருப்பாச்சூர்க்காரி வேலைக்கு நடுவே பாத்ரூம் போகக் கேட்டிருக்கிறாள். லைன் சூப்பர்வைசர் விடவில்லை. மறுபடி கேட்டபோது, வாயில் எடுக்கக் கூசுகிற ஒரு வார்த்தையைச் சொன்னார். அவள் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். டிராலி மேல் போய் விழுந்தார். விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மெஷின் சத்தத்தில் அவர் சொன்னதைக் கேட்டது, பக்கத்து பெஞ்சில் நின்ற பழவேற்காட்டுக்காரி மட்டும்தான். திருப்பாச்சூர்க்காரியை சஸ்பெண்ட் செய்தார்கள். நாங்கள் ஓட்டலுக்குப் போனதற்கு மறுநாள் காலை விசாரணை. கம்பெனி தரப்பு சாட்சி பழவேற்காட்டுக்காரி. அவளைப் பர்மனென்ட் செய்யும் ஆர்டர் அந்த மாதம்தான் வர வேண்டியிருந்தது.

முதல் தட்டு வந்தது. பேபிகார்ன் வறுவல். யாரும் தொடவில்லை.

"நாளைக்கு இன்னா சொல்லப் போற?" என்று திருப்பாச்சூர்க்காரி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பார்த்ததச் சொல்லுவேன்."

"நான் தள்ளல, அவரே கால் தடுக்கி விழுந்தாருன்னு சொல்லு. அது போதும்."

"நீ தள்ளுனதானே. நான் பொய் சொல்ல மாட்டேன்டி."

"அப்ப அவன் சொன்னது?"

அந்த நேரம் பார்த்து சர்வர் எறா வறுவலைக் கொண்டுவந்து வைத்தார். ஹலாலா என்று தெரியாமல் வெளியில் கறி சாப்பிடப் பழவேற்காட்டுக்காரி யோசிப்பாள் என்பதால் அவளுக்காகவே நான் ஆர்டர் செய்தது. "சூடா எடுத்துக்கோங்க மேடம், ஷேர் பண்ணி சாப்பிடற மாதிரிதான் எல்லாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒவ்வொருத்தி முன்னாலும் இரண்டிரண்டு எடுத்து வைத்தேன்.

"பர்மனென்ட் ஆர்டருக்காக வாய மூடிக்கினு இருக்க, அதான?" என்றாள் திருப்பாச்சூர்க்காரி. குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எங்க ஊட்டுல இன்னா நெலமன்னு உனக்குத் தெரியும். அப்பா கடைய மூடிட்டாரு."

அவள் கண் திடீரென்று வாசலில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சூப்பர்வைசர், மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தால், வழி அவர்கள் பக்கமாகத்தான் இருந்தது.

அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். குடும்பத்தைப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார். "இன்னாம்மா, பார்ட்டியா?" என்று சிரித்தார். திருப்பாச்சூர்க்காரியை அவர் பார்க்கவே இல்லை. பழவேற்காட்டுக்காரியிடம் குனிந்து, "காலைல என்கொயரி, ஞாபகம் இருக்குல்ல? கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். உன் ஆர்டர் டேபிள் மேலதான் இருக்குது" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்றாள். பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி, ஆனால் நிதானமாக, "சார், இவ பாத்ரூம் போகணும்னு கேட்டப்ப நீங்க இவள இன்னா சொன்னீங்கன்னு கேட்டா, அதையும் சொல்லலாமா?" என்றாள்.

சூப்பர்வைசரின் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னாலிருந்து அவர் மனைவி, "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, கம்பெனி விஷயம்."

"பொம்பளப் புள்ள பாத்ரூம் போறதுல உங்களுக்கு இன்னா கம்பெனி விஷயம்?"

அவர் மேஜைக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் ஆர்டர் கொடுக்காமலே மூன்று பேரும் எழுந்து போனார்கள். மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அப்புறம் பனீர் வந்தது, காளான் வந்தது. ஆறிப்போன எறாவோடு சேர்த்துச் சாப்பிட்டோம். ருசி ஞாபகமில்லை. படியிறங்கும்போது பழவேற்காட்டுக்காரி அவளிடம் சொன்னாள்: "நீ தள்ளுனதையும் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லுவேன்." திருப்பாச்சூர்க்காரி எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

மறுநாள் விசாரணையில் சொன்னபடியே இரண்டையும் சொன்னாள். அந்த வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னார்களாம், சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டாராம். திருப்பாச்சூர்க்காரியை எச்சரித்துத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசரைப் பெண்கள் இல்லாத குடோனுக்கு மாற்றினார்கள். பழவேற்காட்டுக்காரியின் பர்மனென்ட் ஆர்டர் மட்டும் வரவேயில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்றார்கள். கடைசியில் அவள் கும்மிடிப்பூண்டியில் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு, அங்கேயே ஹாஸ்டலில் தங்குவதாகக் கிளம்பினாள்.

வேலைக்குத் திரும்பியும் திருப்பாச்சூர்க்காரி அவளோடு சரியாகப் பேசியதில்லை. "தள்ளுனத சொல்லாம விட்டிருக்கலாம்" என்று என்னிடம் மட்டும் சொல்லுவாள். ஆனால் பழவேற்காட்டுக்காரி ஊரை விட்டுக் கிளம்பும் அன்று காலை, நான் கூப்பிடாமலே பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். அவள் பையை வாங்கிப் பஸ்ஸுக்குள் ஏறி, ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள்.

பஸ் நகரும்போது, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுடி" என்றாள்.