வலது பின்சக்கரத்தின் நட்டு

கடந்த சனிக்கிழமை எங்கள் கராஜில் ஒரு நட்டு உடைந்தது. அதற்கு ஒரு வாரப் பத்தியா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

டொரொன்டோவை அடுத்த மார்க்கம் நகரில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த ஆங்கிலேயர், முதியோர் இல்லத்துக்குப் போகும் முன், தமது பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். இரண்டு ஆசனங்கள், கம்பிச் சக்கரங்கள், பனிக்கால வீதி உப்பு தின்று மிச்சம் விட்ட உடம்பு. இலக்கியம் படிக்கிறவளுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டு வருடமாக வார இறுதிகளில் அதைப் பிரித்து, துரு நீக்கி, பூட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் என்றால் பலகாரச் சூடு. உறவுக்காரப் பெண்கள் கூடி அத்தனை பலகாரத்தையும் ஒரே நாளில் சுட்டெடுப்பார்கள். டொரொன்டோவில் அதை எங்கே வைப்பது? கராஜில்தான்.

“சனிக்கிழமை பத்து மணிக்குள்ள உந்தக் கார் உருண்டு வெளியில வரவேணும்,” என்றார் அப்பா. “இல்லாட்டி பழைய இரும்புக்கு எடுக்கிற ஸ்க்ராப்காரனைக் கூப்பிடுவன்.”

உருண்டு வந்துவிட்டால், விட்பி நகரில் ஒரு தோழியின் வீட்டுக் கொட்டகையில் விட ஏற்பாடு செய்திருந்தேன். ஒரே தடை... வலது பின்சக்கரம். அதன் பிரேக் துருவேறி இறுகிவிட்டது. பிரேக்கைத் தளர்த்த முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருப்பதோ நடுவில் உள்ள ஒற்றைப் பெரிய நட்டு. அதற்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகள். காதில் தட்டித்தான் அதைச் சுழற்ற முடியும்.

இந்தக் கார்களில் ஒரு விசேஷம். இடதுபக்க நட்டுகள் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். வலதுபக்க நட்டுகள் நேர்மாறு — வலஞ்சுழியாக. ஓட்டத்தில் தாமாகக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். யாரும் மறந்துவிடாதபடி, கழற்றும் திசையைக் காதிலேயே அம்புக்குறியாக வார்த்தும் இருக்கிறார்கள். வாசித்தால் போதும்.

மற்ற மூன்றையும் கழற்றிப் பூட்டியாயிற்று. நான்காவதற்குப் பத்து நாள், காலையும் மாலையும், துருநீக்கி எண்ணெய் விட்டேன். செப்புச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். துருவிடம் அவசரம் பலிக்காது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு அந்த நட்டு முதன்முறையாக ஒரு நூலளவு அசைந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் குணம் அங்கிள் காஸ் அடுப்பும் பலகாரம் பொரிக்கும் பெரிய தாச்சியுமாக வந்து இறங்கினார். அப்பாவின் நண்பர். ஒஷாவாவில் கார் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர்.

“என்ன பிள்ளை, நட்டுக்குத் தாலாட்டோ? தள்ளு. உதுக்கு ரெண்டு அடி காணும்.”

தமது வான் வண்டியிலிருந்து இரும்புச் சுத்தியலை எடுத்து வந்தார். இடஞ்சுழியாக ஓங்கினார்.

“அங்கிள், மற்றப் பக்கம் திருப்ப வேணும். அதில அம்புக்குறி போட்டிருக்கு,” என்றேன்.

“நீ பிறக்க முன்னமே நான் கார் பூட்டினவன். இடப்பக்கம் சுத்தினால் கழரும். உலகம் முழுக்க உதுதான் சட்டம்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “அண்ணைக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

செப்புச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றேன்.

முதல் அடியிலேயே நட்டு நகர்ந்தது. “பாத்தியோ, அசையுது!” என்று கூவினார். அசைந்தது உண்மை — இறுகுகிற பக்கமாக. நான் பத்து நாள் விட்ட எண்ணெய் அதற்கு நன்றாகவே உதவியது. ஐந்தாவது அடியில் காது தெறித்து, சுவரில் பட்டு விழுந்தது. இறுகிவிட்ட நட்டை மிஞ்சிய ஒற்றைக் காதால் பத்து மணிக்குள் கழற்ற இனி வழியில்லை.

“பழசு. உக்கிப் போச்சு,” என்றார் அங்கிள். அப்பா கைபேசியை எடுத்து ஸ்க்ராப்காரனை அழைத்தார்.

பத்தரைக்கு லொறி வந்தது. அதன் வின்ச் கம்பிவடத்தால் காரை இழுக்க, சுற்றாத அந்தச் சக்கரம் வாசலில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு கீறிக்கொண்டு போனது. பதினொரு மணிக்கு அதே இடத்தில் அடுப்பு எரிந்தது.

பின்னேரம், “பிள்ளை கண்டபடி எண்ணெய் ஊத்தி நட்டைப் பழுதாக்கிப் போட்டுது. முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம்,” என்று அங்கிள் மாமிமாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கையில் சூடான பயத்தம் பணியாரம். கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

அவரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு இந்தப் பத்தியை முடிக்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி! முடியவில்லை. நான் ஒரேயொரு முறைதான் சொன்னேன். அதுவும் தாழ்ந்த குரலில். பெரியவர்களோடு வாதாடுவது அழகல்ல என்று நினைத்தேன். வாசிக்கத் தெரிந்தவள், வாசித்ததை உரக்கச் சொல்லவும் வேண்டாமா?

உடைந்த காது இப்போது என் மேசையில் இருக்கிறது. அம்புக்குறியில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைத் தவிர வேறு ஒருவருடைய பார்வைகூட அதில் படவில்லையே!