முப்பது முருகா

மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: மோட்டார் தப்புப் பண்ணினாலும் திட்டு நம்ம கைக்குத்தான்.

கைமேல் பழி

சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பிய புதிதில், நடுவட்டம் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் தற்காலிக வேலை கிடைத்தது. தூளைக் காயவைக்கும் டிரையருக்குள் ஓடும் பெல்ட்டில் ஈரத்தூளைப் பரப்ப வேண்டும். பேர் பதிந்தால்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அறை. அதுவரை மூன்று பிள்ளைகளோடு சொந்தக்காரர் அறையில் ஒரு மூலை.

நான் சீராகத்தான் பரப்பினேன். பெல்ட்தான் ஒருசமயம் ஓடும், ஒருசமயம் ஊரும். ஓடினால் தூள் காயாது, ஊர்ந்தால் கருகும். கருகியதை, ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சிலோன்ல இப்படித்தான் வாரிக் கொட்டுவீங்களா?"

வெறும் பெல்ட்

மோட்டாரைச் சரிபார்க்கக் கோயமுத்தூரிலிருந்து இளவயது இன்ஜினியர் தம்பி ஒருத்தர் வந்தார். மோட்டார் பெட்டியில் இரண்டு திருகு. வேகம் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு உடனே தள்ளிக் கொடுப்பது ஒன்று. அப்படியும் மிஞ்சுகிற குறையைக் கூட்டிக்கொண்டே போய் நிரப்புவது மற்றொன்று. எங்களையெல்லாம் டீ குடிக்க அனுப்பிவிட்டு, வெறும் பெல்ட்டை ஓட்டித் திருகினார். அழகாக ஓடியது. தூள் ஏறியதும் பழைய ஆட்டம்.

பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள் தம்பி என்றேன். தூளோடு திருகினார், சீரானது.

"ஏனுங்கம்மா, இத முன்னாடியே சொல்லப்படாதுங்களா?"

நின்றால் பாய்ச்சல்

ஒரு குறை பாக்கி. சங்கிலி சிக்கி பெல்ட் நின்றால், சிக்கை எடுத்துவிட்டதும் பாய்ந்தது. தூள் ஈரமாகவே வெளியே விழுந்தது. மறுபடி என் கைதான் என்றார் டீமேக்கர், வாரக் கடைசியோடு நின்றுகொள்ளவும் சொன்னார்.

பெல்ட் நின்றால் எனக்கு வாயில் முருகா முருகா என்றுதான் வரும். பத்து முருகாவுக்குச் சின்னப் பாய்ச்சல், முப்பதுக்குப் பெரிய பாய்ச்சல். திரும்ப வந்த தம்பியிடம், நிற்கிற நேரத்துக் குறையையும் பெட்டி கூட்டி வைக்குதோ என்று கேட்டேன். அவர் பெல்ட்டை நிறுத்திப் பிடிக்க, நான் எல்லார் முன்னாலும் சத்தமாக முப்பது முருகா சொன்னேன். விட்டதும் பாய்ந்தது. தம்பி சிரித்துக்கொண்டே, நிற்கும்போது கூட்டாமலிருக்க ஒரு வயரை மாற்றிப் போட்டார். மறுபடி முப்பது சொன்னேன். பெல்ட் சாதுவாக நகர்ந்தது.

டீமேக்கர் பதிவு நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

"உன் பேர் என்னம்மா? இத்தனை நாள் கேக்கவேயில்ல."

சாமி பேரை எண்ணிக்கொண்டா சொல்வது என்று வளர்ந்துவிட்ட என் பிள்ளைகள் இப்போது கேலி பண்ணுகிறார்கள், எண்ணிச் சொன்னதில் கிடைத்த அறையில் வளர்ந்தவர்கள்தான்.