மூணு ஒயர் பேட்டரி

யாராவது கைபேசியைத் தட்டி ஏதாவது ஆர்டர் போடுவதைப் பார்த்தாலே இப்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். சேலை வாங்குங்கள், செருப்பு வாங்குங்கள், எப்படியோ போங்கள். பழைய சாமானுக்கு உதிரிபாகம் மட்டும் தேடாதீர்கள். நான் தேடினேன்.

என் ஆச்சி கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் வழக்கில் ஆச்சி என்றால் அக்கா. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே முற்றமும் அறைகளுமாக மூன்று கட்டு, அதில் இரண்டு கட்டு பங்காளிகளுடையது, கல்யாணம் வந்தால்தான் திறப்பார்கள். முகப்புக்கு எதிரே என் சின்ன வீடு. ரவிக்கை தைத்துக்கொண்டு நாளெல்லாம் வீட்டிலேயே கிடப்பேன். என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு நாற்பது எட்டு நடை.

ஆச்சியின் மகன் பெங்களூரில் இருக்கிறான். ஏழெட்டு வருஷத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்புமணி வாங்கி வந்தான். சிவப்புப் பொத்தான் ஆச்சி கழுத்தில், மணிப்பெட்டி என் வீட்டில். பொத்தானை அமுக்கினால் பெட்டி அலறும். "சித்தி, இந்த மணி அடிக்கிற வரைக்கும் அம்மா இங்க இருக்கட்டும். நின்னுச்சுன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்றான். ஆச்சிக்கு அந்த வீட்டை விட்டுப் போவதும் உயிரை விடுவதும் ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆச்சி ஒரு தடவை அமுக்குவார். நான் எழுந்து போவேன். "கேட்டுச்சா?" என்பார். "கேட்டுச்சு ஆச்சி" என்பேன். அதற்குப் பிறகுதான் காப்பி.

போன புரட்டாசியில் ஒருநாள் பெட்டி செத்துப்போனது. திறந்து பார்த்தால் பேட்டரி உப்பிக் கிடந்தது. காரைக்குடி செக்காலையில் ரிப்பேர் கடைக்காரர் ஒரு தடவைதான் பார்த்தார்.

"கம்பெனியே இந்த மாடலை நிறுத்திருச்சு. பேட்டரி இல்லாம வெறும் கரண்டுல இது ஓடாது. இங்குட்டு கெடைக்காது, ஆன்லைன்ல பாருங்க. மூணு ஒயர் இருக்கணும். ரெண்டு ஒயரு வேண்டாம்."

"புதுசா ஒரு மணி வாங்கிட்டா?"

"இப்ப வர்ற மணிக்கெல்லாம் உங்க ஊரு மொத்தச் செவுத்தைத் தாண்டி சிக்னல் போகாது. நானே ரெண்டு வீட்டுல மாட்டிப் பார்த்துட்டேன்."

அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நாலு நாளில் பேட்டரி வந்துவிடும், எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரம் பார்த்து நானாகவே எழுந்து போனேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஆச்சி."

இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

நாலு நாள் பதினொன்றானது. வந்த பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டு ஒயர். படத்தில் மூன்று, கையில் இரண்டு! திருப்பி அனுப்ப எழுதினால், 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் வருகிறது. மனுஷன் எழுதினானா மிஷின் எழுதியதா, யாருக்குத் தெரியும்? என் சிரமம் என்னவென்று நான் இன்னும் சொல்லவே இல்லையே! அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

வேறு கடையில் மறுபடி போட்டேன். அது வரவே இல்லை. 'வீடு பூட்டியிருந்தது' என்று இரண்டு தடவை செய்தி. நான் வாசலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. கண்டனூரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுத ஊருக்கே வரவேண்டியதில்லை, எழுதிவிட்டால் நம்புவார்கள். என் சின்ன வீடு மேப்பில் இல்லை, அதனால்தான் இந்தக் கூத்து என்று முடிவுகட்டினேன்.

மூன்றாம் தடவை புத்திசாலித்தனமாக ஆச்சி வீட்டைக் கொடுத்தேன். முழு விலாசம் என்று கேட்டிருந்தது. எங்கள் ஊர் வீடுகளில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் அல்ல. தாத்தா, அப்பச்சி எனும் அப்பா என்று வரிசையாக வரும் பேர்களின் முதலெழுத்துகள்தான். அந்த நாலு எழுத்தைப் போட்டு, வீடு, கண்டனூர் என்று முடித்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்களே! என் எண்ணுக்குக் கீழே இன்னொரு எண் கேட்டது. ஆச்சியுடையதைக் கொடுத்தேன். "எனக்கு ஒரு பார்சல் வரும், வாங்கி வைங்க" என்று மட்டும் ஆச்சியிடம் சொன்னேன். என்ன பார்சல் என்று சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெட்டி செத்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. ஒருநாள் காலையில் நூல் வாங்கக் காரைக்குடிக்குப் போனேன். பஸ் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. திரும்பி வரும்போது பார்த்தால், 'பொருள் வீட்டாரிடம் நேரில் கொடுக்கப்பட்டது' என்று செய்தி. காலை பதினொன்றேகால். அப்பாடா! பஸ்ஸிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வீடு வந்தேன். எதிரே ஆச்சி வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாயங்காலம் எப்படியும் போகத்தானே போகிறோம், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஒரு மாதமாகப் பகலில் கண்ணை மூடாதவள். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன், பாவி.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனேன். விளக்கு ஏற்றவில்லை. ஆச்சியின் போன் முகப்பில் நாற்காலிமேல் கிடந்தது. "ஆச்சி!" என்றேன். கூடத்தில் இல்லை, அடுப்படியில் இல்லை. இரண்டாங்கட்டுக் கதவு தாழ் நீக்கியிருந்தது. அந்தக் கதவு திறந்து நான் பார்த்து மூன்று வருஷம். உள்ளே நுழைந்ததும் என் கால் வழுக்கியது. மழைநீர் விழுந்து விழுந்து முற்றத்துக் கல்லெல்லாம் பாசி.

ஆச்சி மூன்றாங்கட்டில், பின்வாசலுக்குப் பத்தடி இப்பால் கிடந்தார். வலதுகால் திரும்பியிருந்தது. சேலை முழுக்க நனைந்திருந்தது. பொட்டலத்தை மட்டும் நனையவிடாமல் மாரோடு அணைத்திருந்தார்.

"பார்சல்காரவுக போன் பண்ணினாக. வாசல்ல நிக்கிறேன்னாக. முகப்புல ஆளக் காணோம். எந்த வாசல்னேன். நாலு எழுத்துப் போட்ட வாசல்னாக" என்றார் ஆச்சி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

மகன் கல்யாணத்துக்கு முகப்பை வெள்ளையடித்தபோது அங்கிருந்த எழுத்துகள் மறைந்துவிட்டன. பின்வாசல் வளைவில் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாற்பது வருஷம் எதிர்வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது. இன்னொரு கை கழுத்துப் பொத்தானை விடவே இல்லை, கட்டைவிரல் அதன்மேலேயே இருந்தது.

"விழுந்ததுல இருந்து அமுக்கிக்கிட்டே இருக்கேன்டி" என்றார். "கேட்டுச்சா?"

வருஷக்கணக்கில் தினமும் சொன்ன வாய். யோசிக்கும் முன்னால் வந்துவிட்டது.

"கேட்டுச்சு ஆச்சி."

ஆச்சி என் முகத்தையே பார்த்தார். பொட்டலம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதில் இருந்தது மூணு ஒயர் பேட்டரிதான், சரியான பேட்டரி. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஆச்சிக்கு இன்றுவரை தெரியாது. பெங்களூரில் மகன் வீட்டுக் கட்டிலில் இருக்கிறார், போனில் என்னோடு மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

அன்றைக்கு அந்த முற்றத்தில் அவர் கேட்டது இவ்வளவுதான்.

"கேட்டும் வரலையாடி?"